அழுகண்ணி தூங்கட்டும்

டிசம்பர் 6, வெள்ளி

இன்று காலை என் மகள் வளர்க்கும் செடியைத் தின்றுவிட்டேன்.

முழுதாக விழுங்கவில்லை. மென்றேன், துப்பினேன். ஆனாலும் வாய்க்குள் போனது ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, அதற்காகத்தான் இந்த டைரி. எழுதுகிறேன்: இட்லி மூன்று, தக்காளிச் சட்னி, செடி இரண்டு.

முதல் டிரிப் டூட்டி. மனைவி தமயந்தி தூங்கட்டும் என்று விளக்குப் போடாமல் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அதற்குள் இருக்கிற பல்பு போய் ரொம்ப நாளாகிறது. எனக்காகப் பச்சைப்பயறை முளைகட்டி ஒரு கவரில் போட்டுக் காய்கறித் தட்டில் வைப்பது அவள் வழக்கம். கையில் கவர் தட்டுப்பட்டது. பிரித்து ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டேன். பயறு என்றால் நறுக்கென்று இருக்கும். இது நனைந்த சாக்கை மென்ற மாதிரி இருந்தது. டாக்டர் சொல்லித் தின்கிற எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் இருப்பதால், நாலு மெல்லு மென்ற பிறகுதான் சந்தேகம் வந்தது.

விளக்கு எரிந்தது. சிந்துஜா நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, அது என் செடிங்கப்பா."

கவருக்குள் ஈரப் பாசி. அதில் மூன்று மொட்டு வைத்திருந்தாளாம், சுருட்டி மடக்கிய சின்னச் சின்ன மொட்டு. இரண்டை நான் முடித்துவிட்டேன். மிச்சம் ஒன்று, கடலைப்பருப்பு அளவுக்கு.

"பரவால்லைங்கப்பா. ஒண்ணு இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

அதுதான் நாள் பூராவும் உறுத்துகிறது. ஏழாவது படிக்கும்போது அவளுடைய கலர் பென்சிலை டூட்டிக்கு எடுத்துப் போனேன் என்று ரெண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் இவள். இன்றைக்கு நான் செய்த வேலைக்குப் பக்கத்துத் தெரு எழுந்து வந்திருக்க வேண்டும். நன்றாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ராகிக் களி, கீரை. இன்று லீவு. சிந்து டீக்கு வெளியே வந்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஏன் அம்மிணி, அந்தச் செடி விஷமா? எனக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"நீங்க ஈ, கொசுவா இருந்தாத்தான் ஆபத்துங்கப்பா."

பூச்சி தின்கிற செடியாம். இலை பூராவும் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் பனித்துளி மாதிரி ஒரு பசை. தேன் என்று நினைத்துப் பூச்சி வந்து உட்காரும், ஒட்டிக்கொள்ளும், இலை மெதுவாகச் சுருட்டி மூடிவிடும். போனில் படம் காட்டினாள். என் வீட்டு ஃப்ரிட்ஜில் இப்படி ஒரு ஆள் இருப்பது தெரியாமல் முட்டை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

"தமிழ்ல அழுகண்ணின்னு பேருங்கப்பா. நம்ம பக்கம் ஈரக் காட்டுலகூட ஒரு ஜாதி மொளைக்குது. அதுக்கு இந்தத் தூக்கமெல்லாம் வேண்டாம். இது குளிர் தேசத்துச் செடி. குளிர் வந்தா எலையெல்லாம் உதுத்துட்டு, மொட்டாச் சுருண்டு மூணு மாசம் தூங்கோணும். நம்ம பொள்ளாச்சியில அந்தக் குளிருக்கு எங்க போறது? அதான் ஃப்ரிட்ஜு."

"தூங்கலைன்னா?"

"வருசம் பூரா எலை விட்டுக்கிட்டேதான் இருக்கும். பாக்கறவங்களுக்கு நல்லாத்தான் தெரியும். அப்புறம் ஒரு நாளைக்குப் பொசுக்குனு போயிரும்." கப்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "பெங்களூர்ல ரெண்டு குளிர்காலம் தூங்க வெக்கவே இல்லீங்கப்பா. எனக்கு நேரமே இல்ல."

தமயந்திக்குப் பேர்தான் பிடிக்கவில்லை. "கல்யாணம் ஆகற புள்ள இருக்கற ஊட்டுல அழுகண்ணியா? வேற பேரே கிடைக்கலியா? சரி, அழுகண்ணிங்கற, அழுகையவே காணோம். காஞ்ச பருப்பாட்டக் கெடக்குது."

"தூங்கறப்ப அழாதும்மா. முழிச்சு, தெம்பு வந்தாத்தான் அழும்."

டிசம்பர் 11

இட்லி மூன்று. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 12

இட்லி மூன்று. திறந்து பார்த்தேன்.

டிசம்பர் 13

பிடிபட்டேன்.

"தெனமும் கவரைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா அது செத்தே போயிருங்கப்பா. உசுரு இருக்குதா இருக்குதான்னு யாரும் கேட்டுக்கிட்டே இருக்கக் கூடாது. சும்மா விடோணும்."

சரி என்றேன். கவர் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள்: 'தூங்குது. தட்டாதீங்க. தின்னாதீங்க.' கடைசி வார்த்தை யாருக்கு என்று தமயந்தி சிரித்துச் சிரித்துக் கேட்டாள். ஃப்ரிட்ஜுக்குப் புது பல்பும் வந்துவிட்டது.

டிசம்பர் 19, வியாழன்

தோசை இரண்டு. ஆழியாறில் டீ, சர்க்கரை இல்லாமல். (வால்பாறையில் ஒரு டீ, அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.)

சிந்து வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்களாம் கம்பெனியில். காலையில் மேலே நல்ல சட்டை, கீழே நைட்டி, அப்படியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாயந்திரம் வரைக்கும் இங்கிலீஷ். எனக்குப் புரிகிற இங்கிலீஷ் 'ஹோல்டான்', 'ரைட்', அவ்வளவுதான். தமயந்தி டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, கோயில் கருவறையிலிருந்து வருகிற மாதிரிப் பின்னாலேயே நடந்து வருகிறாள்.

நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். ஆனால் தெருமுனைக் கடைக்குக்கூட வரமாட்டேன் என்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ராத்திரி தூங்குகிற மாதிரி தெரியவில்லை.

கண்டக்டராக இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு அது. நிஜமாகத் தூங்குகிறவன் வாய் திறந்திருக்கும், தலை பக்கத்து ஆள் தோளில் கிடக்கும், எச்சில் ஒழுகும். டிக்கெட் எடுக்காமல் தூங்குகிற மாதிரி நடிக்கிறவன் அழகாகத் தூங்குவான். வாய் மூடியிருக்கும், முதுகு நேராக இருக்கும், இமை மட்டும் துடிக்கும். புதுக் கண்டக்டர்கள் தோளைத் தட்டி எழுப்பி, பஸ்ஸே வேடிக்கை பார்க்கிற மாதிரி கேட்பார்கள். எனக்கு அது வராது. பின்சீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன். அதற்குள் அவரே கண்ணைத் திறந்து காசைக் கையில் வைத்திருப்பார். கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும்.

இதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டு நோட்டு இது.

ஜனவரி 8, புதன்

உப்புமா. மத்தியானம் சாதம் ஒரு கிண்ணம், அவரைக்காய்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவே நிசப்தம். நான் லீவு. தமயந்தி கோயிலுக்குப் போயிருந்தாள். ஃப்ரிட்ஜைத் திறக்காதே, குளிர் போய்விடும் என்று சிந்து சொல்லியிருந்ததால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் காவல் இருந்தேன்.

அறைக்குள் சிந்து மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாள். சாயந்திரத்துக்குள் அனுப்பிவிடுகிறேன் என்கிற மாதிரி ஏதோ. நடுவில் சிரிப்பு.

நெட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. கரண்ட் இல்லையே. சரி, மொபைலில் நெட் போட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் மொபைல் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

லேப்டாப்புக்குள்ளேயே ஏதாவது ஏற்பாடு இருக்கும். நான் பத்தாவது. எனக்கு என்ன தெரியும்?

பேச்சு நின்றதும் கதவைத் தட்டாமல் மோர் டம்ளரை வாசலில் வைத்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் மொபைல் இல்லை.

ஜனவரி 9

சரியாகச் சாப்பிடவில்லை. டிக்கெட் கிழிப்பதில் ரெண்டு தடவை தப்பு செய்தேன். டிரைவர் கனகராஜ், "மச்சா, ஊட்டுல ஏதாச்சும் சண்டையா?" என்றான். இல்லை, சர்க்கரை என்றேன். எதற்கெடுத்தாலும் சொல்லலாம், நல்ல வியாதி.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

சர்க்கரைப் பொங்கல். அளவு எழுதமாட்டேன், பண்டிகை.

ருக்குமணி அக்கா தாராபுரத்திலிருந்து வந்திருந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வரன் சொன்னாள். நல்ல குடும்பம், தோட்டம் இருக்கிறது, பையனும் பெங்களூரில் கம்ப்யூட்டர்தான். தமயந்தி முகம் பூரித்துப்போனது.

"தை பத்துத் தேதிக்கு மேல பொண்ணு பாக்க வரோம்னாங்க தம்பி. பையனோட சிநேகிதன் ஒருத்தன் நம்ம சிந்து கம்பெனியிலயேதான் இருக்கறானாமா. கேட்டு விசாரிச்சுட்டே வந்தர்றோம்னு சொன்னாங்க. விசாரிக்கட்டுமே, நமக்கென்ன, ஒளிச்சு வெக்கறதுக்கு என்ன இருக்குது?"

சிந்து அப்போது அத்தைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. குழம்பு சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்துகொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப முடியாதுக்கா" என்றேன்.

"ஏந்தம்பி?"

ஏன் என்று நானும் யோசித்தேன். வாய் முந்திக்கொண்டது.

"எனக்குக் கண்டம் இருக்குது."

தமயந்தி கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. ஒரு வார்த்தைக்கு அப்புறம் பஸ்ஸை நிறுத்த முடியவில்லை, இறக்கத்தில் ஓடியது. உடுமலையில் ஒரு சோசியர் பஸ்ஸில் வந்தார், என் கையைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கவே பயந்தார், மாசி முடிகிற வரைக்கும் வீட்டில் சுபகாரியப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார், எடுத்தால் குடும்பத் தலைவருக்கு ஆகாது என்றார்.

"குடும்பத் தலைவருன்னா?" என்றாள் அக்கா.

"நாந்தானுங்க்கா."

"அது தெரியுதுடா, சந்தேகத்துக்குக் கேட்டேன்." பிறகு அவளே இறங்கி வந்தாள். "சரி போ. மாசி கழியட்டும். ரெண்டு மாசம் பொறுக்காத சம்பந்தம் நமக்கு எதுக்கு? நீ பொழச்சுக் கெட."

சிந்து கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் பாயசத்துக்குக் கை நீட்டி, தமயந்தியிடம் திட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

கண்டத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நினைக்கவில்லை. மாசி முடிகிற வரைக்கும் வீட்டில் கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டையும் கிடையாது. இடுப்பில் கறுப்புக் கயிறு. வாரம் ஒரு நாள் நவகிரகத்துக்கு எள் விளக்கு. தமயந்தி ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் என் மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். பாவமாக இருக்கிறது. அவளிடம் சொல்லிவிடலாம் என்றால் காரணமும் சொல்ல வேண்டும். அது என் டிக்கெட் இல்லை, நான் கிழிக்க முடியாது.

சாப்பிட்டது: சுரைக்காய்.

ஜனவரி 27, திங்கள்

சுரைக்காய். ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. வந்து பார்த்த ஆள், கம்ப்ரெசர் போச்சுங்க, கோயமுத்தூரிலிருந்து வரணும், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சிந்து கவரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். இப்போதுதான் பாதித் தூக்கமாம். சூடு பட்டால் அரைகுறையாக முழித்துக்கொண்டு, தெம்பில்லாமல் செத்துவிடுமாம். "போச்சுங்கப்பா" என்றாள். இந்த இரண்டரை மாதத்தில் அவள் எதையாவது பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்தது இன்றுதான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்பனாக இருப்பது ஒரு மாதிரியான பிழைப்பு.

ஐஸ் வாங்கி, கூடையில் போட்டு, சாக்கு சுற்றினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் எந்த ஊருக்கு பஸ் விடுகிறேன்?

"வால்பாறையில இப்ப காலம்பற வாயத் தொறந்தா பொகை வருது அம்மிணி. நான் கொண்டுபோய் வெச்சர்றேன்."

"நீங்களா?" என்றாள். கவரைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். "வேண்டாங்கப்பா. நானே வரேன்."

ஜனவரி 29, புதன்

எவ்வளவு எழுதுவது? கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

சிந்து பஸ்ஸில் வந்தாள். வேலை நாளாச்சே என்று தமயந்தி கேட்டதற்கு லீவு போட்டுவிட்டேன் என்றாள். "நல்ல கம்பெனி, கேட்டதும் குடுத்தர்றாங்க" என்றேன் நான்.

கண்டக்டர் சீட்டுக்கு அடுத்த ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். மடியில் ஐஸ் டப்பா. டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். கண்டக்டர் மகள் ஓசியில் வருகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கனகராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்து, "என்ன பாப்பா டப்பாவுல? அப்பனுக்குச் சோறா?" என்றான்.

"செடிங்க மாமா. பூச்சி திங்கறது."

"அதை ஏன் மேல கொண்டுபோறே?"

"அப்பாகிட்ட இருந்து காப்பாத்தத்தானுங்க."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்த பழைய பேச்சு.

ஆழியாறு தாண்டி வளைவு ஆரம்பித்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவு. வழக்கமாக இந்த நேரத்தில் நான் எலுமிச்சம்பழமும் கவருமாக ஓடிக்கொண்டிருப்பேன். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது, முதுகு நேராக இருந்தது. இமை துடித்தது. பார்க்காத மாதிரி பின்னால் போய்விட்டேன்.

ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றது என்று எல்லோரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். அவள் எழவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன்.

வாய் திறந்திருந்தது. தலை ஜன்னல் கம்பியில் முட்டி முட்டி ஆடியது. கடைவாயில் எச்சில். இரண்டு கையும் டப்பாவைக் கட்டிப் பிடித்திருந்தன. என் மகள் நிஜமாகவே தூங்கினாள்.

என் துண்டை மடித்துக் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் வைத்தேன். அதற்கப்புறம் விசில் அடிக்க மனசு வரவில்லை. எஸ்டேட் ஸ்டாப்புகளில் கனகராஜ் பக்கத்தில் போய் ரகசியமாக "நிறுத்து", "போலாம்" என்றேன். டிக்கெட்டும் குசுகுசுவென்றுதான் கேட்டேன்.

"கண்டக்டரே, தொண்டை கட்டிருச்சா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமாங்க, குளிரு."

"அப்ப சாடையிலயே கேளுங்க" என்று விரலைக் காட்டி மூன்று டிக்கெட் வாங்கினார். அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வால்பாறை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டெல்லா டீக்கடை. இந்த நோட்டில் எழுதக்கூடாத டீயை எனக்குப் போட்டுக் கொடுக்கிறவள். அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். "ஃப்ரிட்ஜா? இந்தக் குளிர்ல நானே ஃப்ரிட்ஜுக்குள்ளதானே இருக்கேன்" என்றாள். கடைக்குப் பின்னால் அவள் வீடு. வெயிலே படாத ஒரு ஜன்னல் திண்டு இருந்தது. சிந்து தொட்டுப் பார்த்து, சரி என்று கவரை அங்கே வைத்தாள். சீட்டை நன்றாகத் தெரிகிற மாதிரி திருப்பினாள்.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது ஸ்டெல்லா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ என்ன வேலை பாக்குறம்மா?"

டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சிந்துவின் குரல்.

"இப்ப ஒண்ணும் பாக்கலைங்க."

"அதுக்கென்ன. பன் சாப்பிடு, சூடா இருக்கு."

நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். அப்புறம் சத்தமில்லாமல் வெளியே போய் பஸ் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். "டயருக்கு என்ன மச்சா?" என்றான் கனகராஜ். டயருக்கு ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது நாற்பது வளைவும் தூங்கினாள்.

சாப்பிட்டது: பன், வெண்ணெய் தடவியது. இதையும் டாக்டர் படிக்கட்டும்.

ஜனவரி 31

"எப்படிங்கப்பா இருக்குது?" என்றாள் நான் வந்ததும் வராததுமாக.

"தூங்குது."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"தட்டவே இல்ல."

பிப்ரவரி 6, வியாழன்

ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது. செடியைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்றேன். அங்கேயே இருக்கட்டும், இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் அதற்கு எப்படித் தூக்கம் வரும் என்றாள். சுரைக்காய்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கவனித்தது: நல்ல சட்டை போட்டுக்கொண்டு கதவைச் சாத்துவது போன வாரத்தோடு நின்றுவிட்டது. மீட்டிங் குறைத்துவிட்டார்கள் என்றாள் அம்மாவிடம். கண்ணுக்குக் கீழே கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மத்தியானம் கூடத்தில் பாய் போட்டு, ஃபேனுக்கு நேரே, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

"பகல்ல இப்படித் தூங்கினா கம்பெனியில வேலைய விட்டு எடுத்தர மாட்டாங்களா?" என்றாள் தமயந்தி.

"நீ கதவைச் சாத்து. ஈ வருது" என்றேன்.

மார்ச் 1, சனி

வால்பாறையிலிருந்து செடியைக் கொண்டுவந்தேன். ஸ்டெல்லா டப்பாவோடு ஒரு பன்னும் கட்டிக் கொடுத்தாள், "அந்தப் பொண்ணுக்கு" என்று. வழியில் நான் தொடவில்லை, பன்னையும் செடியையும்.

உப்புத் தண்ணீர் ஆகாதாம் இதற்கு. மழைத் தண்ணீர் வேண்டும் என்றாள். மாசியில் மழைக்கு எங்கே போவது? பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் ஆகுமா என்று கேட்டேன். "அப்பா! சூப்பருங்கப்பா!" என்றாள். மெக்கானிக் கடையில் ஒரு கேன் வாங்கிவந்தேன். வாழ்க்கையில் ஒரு தடவை சூப்பர் ஆகிவிட்டேன்.

பாசியில் நட்டு, தட்டில் தண்ணீர் விட்டு, முதலில் வெயிலை மெதுவாகக் காட்ட வேண்டும் என்று பின்கட்டு நிழலில் வைத்தாள். பார்க்க இப்போதும் கடலைப்பருப்புதான்.

மார்ச் 7

ஒன்றுமில்லை. செத்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மொட்டின் நுனியில் ஒரு பச்சை. குண்டூசித் தலை அளவு. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாசி முடிந்தது. நான் சாகவில்லை. தமயந்தி விடிந்ததும் கறிக்கடைக்கு ஆள் அனுப்பிவிட்டாள். அம்மியில் மசாலா அரைத்தால்தான் ருசி என்று மிக்ஸியைத் தொடவில்லை. வீடு பூராவும் வாசம். நான் ஈரத் துண்டோடு சமையலறைப் பக்கமாக மூன்றாவது தடவை போனபோது பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"அப்பா. இங்க வாங்க."

போனேன். தட்டுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். மொட்டு அவிழ்ந்து, சிறிய கரண்டி மாதிரி இரண்டு இலை வெளியே வந்திருந்தது. சிவப்பு மயிர். நுனியில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. காலை வெயிலில் மின்னியது.

"அழுவுது பாருங்கப்பா" என்றாள்.

"ஆமா அம்மிணி. தெம்பு வந்திருச்சாட்ட இருக்குது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி மடக்கென்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் செடியையே பார்த்தோம். ஒரு கொசு வந்து சுற்றியது, உட்காரவில்லை.

"அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

நான் செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்கப்பா. நவம்பர்லயே. எங்க டீமையே எடுத்துட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க பஸ்ஸுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தீங்க, எம்புள்ள பெங்களூர்ல இருக்குதுன்னு. அந்த மீட்டிங் எல்லாம்..." அதற்கு மேல் வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

நவம்பரிலிருந்து இந்தப் பிள்ளை கண்ணில் ஒரு சொட்டு நான் பார்க்கவில்லை. நல்லது என்றுதான் தோன்றியது. அழட்டும் என்று முதுகில் கையை வைத்தேன். தட்டவில்லை. சும்மா வைத்திருந்தேன்.

தமயந்தி எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? ஏன் அழுவுது?"

"செடி பொழச்சிருச்சாம்" என்றேன்.

"அதுக்கா? அப்பனும் புள்ளையும் நல்லா இருக்குது கதை." உள்ளே போய்விட்டாள்.

சிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேங்கப்பா" என்றாள். சரி என்றேன். இனிமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை, ஒரு மாசம் கழித்து வேலை தேடுகிறேன் என்றாள். மெதுவாகத் தேடு, பஸ் எங்கேயும் போய்விடாது என்றேன். அத்தைக்கு என்ன சொல்வது என்றாள். எனக்குப் பங்குனியிலும் ஒரு கண்டம் வரலாம் என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கு அதிர்ச்சியாவே இல்லீங்களாப்பா?"

எனக்கு நடிப்பு வராது. இருந்தாலும் கண்ணை விரித்து, வாயைத் திறந்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது அதிர்ச்சி மாதிரி இல்லை, பசி மாதிரி இருந்தது என்று அவளே சொன்னாள். அதற்குள் தமயந்தி இலை போட்டுவிட்டாள். எழுந்து போனோம்.

சாப்பிட்டது: சாதம், கறிக்குழம்பு, வறுவல். இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன், டாக்டர் மன்னிக்க வேண்டும்.

சொன்னது எல்லாம் எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை: கரண்ட் போன அன்றைக்கு உன் மொபைல் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது, அம்மிணி.